மேடு இருக்கிற வரைக்கும்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் அத்தான் எடுத்து, "உங்க அக்கா குளிக்கிறா" என்கிறார். காலையிலும் குளிக்கிறாய், மதியமும் குளிக்கிறாய், சாயங்காலமும் குளிக்கிறாய். காயலில் இறங்கிச் சிப்பி எடுக்கிறவர்கள்கூட இவ்வளவு நேரம் தண்ணீரில் இருப்பதில்லை. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதைக் கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது படிப்பாய் என்று உன்னைத் தெரிந்த எனக்குத் தெரியும்.

சங்கக் கூட்டத்தில் நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அடுத்த ஜனவரியில் அதிகாரிகள் வந்து நம் காயலில் உயிருள்ள சிப்பியை எண்ணப் போகிறார்கள். போதாது என்றால் குத்தகை நமக்கு இல்லை. காயலைத் தூர்த்துக் கிடங்கு கட்டிவிடுவார்கள். இது உனக்கும் தெரியும், கொட்டகையில் உட்கார்ந்து சிப்பி உடைக்கிற அத்தனை பெண்களுக்கும் தெரியும். "ஏன் பெருகவில்லை?" என்று தலைவர் கேட்டார். உயிர்களின் எண்ணிக்கை எதனால் கூடுகிறது, எதனால் நின்றுபோகிறது என்று படிப்பதுதான் என் வேலை. பதில் தெரிந்திருந்தும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

சிப்பிக் குஞ்சு கொஞ்ச நாள் நீந்தும். பிறகு கெட்டியான ஏதாவது ஒன்றில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் சேற்றில் புதைந்து சாகும். அது விரும்பி ஒட்டுவது பழைய சிப்பி ஓட்டில். அப்பா இருந்த வரைக்கும் ஓர் ஓட்டைக்கூடக் காயலில் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் வாரி வாசலில் குவித்தார். அந்த மேட்டை மறுபடி தண்ணீரில் தள்ளு என்றுதான் சொன்னேன்.

நீ எழுந்து, சங்கமே பார்க்க, "அந்த மேடு இருக்கிற வரைக்கும் நீ என் வாசலை மிதிக்கக் கூடாது" என்றாய். நான் மிதிக்கவில்லை. ஆனால் கடிதம் மிதிக்கலாம் அல்லவா?

உன் தம்பி

---

பிப்ரவரி 17

டேய் கணக்கு,

கிழிக்கவில்லை. அடுப்புப் பற்றவைக்கலாம் என்று எடுத்து வைத்தேன். உன் அத்தான் அதை எடுத்து எனக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்துவிட்டார். அந்த மனிதருக்கு எப்போதும் உன் பக்கம்தான் சாய்வு.

பொய் சொல்லவில்லையாம். உண்மையைச் சொல்வதற்கு வீடு என்று ஒன்று இல்லையா? நூறு பேர் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பா செஞ்ச தப்பு" என்று ஆரம்பித்தாய் பார், அப்போது என் காது எரிந்தது. இன்னும் எரிகிறது.

அந்த மேடு உனக்கு வெறும் ஓட்டுக் குவியல். எனக்கு அப்படி இல்லை. கடலிலிருந்து திரும்புகிற படகுக்காரர்கள் வெயிலில் வெள்ளையாய்த் தெரிகிற அந்த மேட்டை வைத்துத்தான் காயலின் வாயைக் கண்டுபிடிக்கிறார்கள். மற்ற காயல்களில் நடந்தால் கால் கிழியும். நம் காயலின் தரையில் குழந்தையை இறக்கி விடலாம். "என் காயல் சுத்தமா இருக்கணும்"னு அப்பா சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? நீ அப்போது விடுதியில் இருந்தாய். கூட இருந்து ஓடு வாரியது நான்.

குறைவது தாய்ச் சிப்பி. அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. அதனால் கிழக்குப் பக்கத்தில் இந்த வருஷம் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தாய் பெருகினால் பிள்ளை பெருகும்.

எனக்கு உன்னோடு மல்லுக்கட்ட நேரமில்லை. படகின் அடியெல்லாம் குட்டிச் சிப்பி ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்குகிறது. அத்தான் நேற்று முழுக்கச் சுரண்டிக்கொண்டிருந்தார். படித்துறைத் தூணிலும் கை வைக்க முடியவில்லை. போன வருஷம் நீ தண்ணீரில் தொலைத்த ரப்பர் செருப்பு கிடைத்தது. அதிலும் ஒரே சிப்பி. போட்டால் கால் போய்விடும். வேண்டுமா?

அக்கா

---

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

செருப்பு வேண்டும். பத்திரமாக வை. என் பத்து வருஷப் படிப்பை நீ அந்தச் செருப்பைப் பற்றி எழுதிய நாலு வரிகளில் அடக்கிவிட்டாய்.

உன் கடிதத்தை நீயே ஒரு தடவை படித்துப் பார். படகின் அடியில் குஞ்சு, தூணில் குஞ்சு, செருப்பில் குஞ்சு. தாய் குறைந்திருந்தால் இத்தனை குஞ்சு எங்கிருந்து வந்தது? ஒரு தாய்ச் சிப்பி ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டை விடும். குஞ்சுக்கு நம் காயலில் பஞ்சமே இல்லை. உட்கார இடம்தான் இல்லை. பஸ் நிலையத்தில் ஊரே வந்து நின்றாலும் பஸ்ஸில் இருக்கிற இருக்கைக்குத்தானே ஆள் உட்கார முடியும்? நீ இன்னும் நிறையப் பேரை நிலையத்துக்குக் கூட்டி வருகிறாய். நான் இருக்கை போடு என்கிறேன்.

எந்த உயிரும் தனக்கு எல்லாம் தாராளமாக இருப்பதால் மட்டும் பெருகிவிடாது. எது குறைவாக இருக்கிறதோ அது எண்ணிக்கையைப் பிடித்து நிறுத்திவிடும். சில இடத்தில் அது தீனி, சில இடத்தில் தண்ணீர், சில இடத்தில் வெப்பம். இங்கே இடம். நம் காயலில் தீனி இருக்கிறது, உப்பு சரியாக இருக்கிறது, தாய் இருக்கிறது. தரைதான் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது.

விடுதியில் இருந்தேன் என்று குத்திக்காட்டியிருக்கிறாய். வலித்தது. அங்கே என்னைச் சேர்த்ததும் அப்பாதான், அந்தக் காயல்தான் என்னைப் படிக்கவைத்தது. அதனால்தான் அதை யாருக்கோ கிடங்காக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

தம்பி

---

மே 20

மேதாவிக்கு,

உன் படிப்பு தோற்றது. சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் எழுதுகிறேன்.

கொட்டகைக் கூரையைப் பிரித்து வேய்வதற்காக ஏப்ரலில் எல்லோருக்கும் விடுமுறை விட்டேன். ஆள் நடமாட்டம் இல்லை. நானும் அத்தானும் மேட்டின் பின்பக்கத்திலிருந்து, தெருவுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து, ஓட்டை வாரிச் சின்னப் படகில் ஏற்றி மேற்கு மூலையில் கொட்டினோம். எத்தனை நடை என்று கேட்காதே, இடுப்பு பதில் சொல்லும். நீ சொல்லி நான் செய்தேன் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் அப்படிச் செய்தேன். அத்தானிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவர் உனக்குச் சொல்லியிருந்தால் இப்போதே சொல்லிவிடு.

நேற்று போய் எடுத்துப் பார்த்தேன். ஓடெல்லாம் பச்சைப் பாசி. தொட்டால் வழுக்குகிறது. அதற்கு மேல் சேறு. ஒரு குஞ்சு இல்லை, குஞ்சின் மூச்சு இல்லை. அப்பா ஓட்டை வெளியே வாரினாரே, அது ஏன் என்று இப்போது புரிகிறதா? உள்ளே கிடந்தால் இப்படித்தான் அழுகிப்போகும்.

உனக்குத் தெரியும், நான் ஜெயித்தால் சிரிப்பேன். இன்றைக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. ஜெயித்ததில் எனக்கு என்ன கிடைத்தது? ஜனவரி வந்துவிடும்.

அக்கா

---

மே 30

அக்கா,

அத்தான் மூச்சுவிடவில்லை. அவர் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார்.

ஏப்ரலிலா போட்டாய்? அக்கா, குஞ்சு வருவதற்கு முன்னால் போய் இருக்கை போட்டிருக்கிறாய். ஆள் வராத இருக்கையில் பாசி வந்து உட்கார்ந்துவிட்டது. வழுக்குகிற ஓட்டில் குஞ்சு ஒட்டாது. குஞ்சு தண்ணீரில் நீந்துகிற சமயத்தில் ஓடு புதிதாக, காய்ந்து, சுத்தமாக உள்ளே போக வேண்டும். அந்தச் சமயத்தில் கொட்டகையில் எல்லோரும் இருப்பார்கள். சங்கம் முழுக்க வேடிக்கை பார்க்கும். யாருக்கும் தெரியாமல் செய்ய முடியாத காலத்தில்தான் இதைச் செய்ய முடியும். உன் வீராப்புக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. மன்னித்துக்கொள், எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

இனி சிரிப்பில்லாத விஷயம். நீ மேட்டைத் தொடவே மாட்டாய் என்று நினைத்து, போன மாதம் வேறு இடத்தில் ஓடு தேடினேன். தெற்கே மூன்று காயலுக்குப் போனேன். எங்கேயும் இல்லை. எல்லோரும் ஓட்டைச் சுண்ணாம்பு சுடுகிற காளவாய்க்கு விற்றிருக்கிறார்கள். அங்கேயும் சிப்பி போய்விட்டது, திரும்பப் போடுவதற்கு ஓடும் இல்லை. கடைசிக் காயலில் ஒரு கிழவர் கேட்டார்: "உங்க பக்கம் ஒருத்தர் மலையாட்டம் குவிச்சு வெச்சிருந்தாரே, அது இன்னும் இருக்கா?"

"இருக்கு. அவர் எங்க அப்பா" என்றேன். சொல்லும்போது எனக்கே தெரியாமல் முதுகு நிமிர்ந்தது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

சிப்பியை உடைத்தால் எப்போது பால் மாதிரி வடிகிறது, எப்போது அந்தப் பால் நின்றுபோகிறது, அதை மட்டும் எனக்குச் சொல். பால் நின்றால் முட்டை விட்டாயிற்று என்று அர்த்தம். நாளைக் குறிக்க வேண்டியவள் நீ. இங்கே இருந்துகொண்டு என்னால் அது முடியாது.

தம்பி

---

ஜூன் 12

கணக்கு,

பால் வடிய ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை கொஞ்சம் முன்னதாகவே.

அந்தக் காளவாய் விஷயம் எனக்கும் தெரியும். நம் வீட்டுக்கும் ஓடு கேட்டு வந்தார்கள். ஒரு தடவை இல்லை, வருஷா வருஷம் வந்தார்கள். அம்மாவுக்கு விற்றுவிட வேண்டும் என்று ஆசை. நாற்றம் போகும், வாசலில் துணி காயவைக்க இடம் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பா வந்தவரை மேட்டுக்கு முன்னால் நிறுத்தி, "எவ்வளவு உசரம், பாத்தீங்களா?" என்பார். அவர் அண்ணாந்து பார்ப்பார். "பாத்துட்டீங்கல்ல, கிளம்புங்க" என்பார் அப்பா. அவ்வளவுதான் வியாபாரம். நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்போம். ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து.

அந்த வீம்பை நினைத்து அப்போது சிரித்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு, அந்த வீம்பு மட்டும் இல்லையென்றால் இன்றைக்குப் போடுவதற்கு ஓடு ஏது என்று தோன்றியது. படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். யாரிடமும் சொல்லாதே.

சரி, செய்கிறேன். ஊரறியச் செய்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. எந்தக் கூட்டத்தில் அப்பாவைப் பற்றிப் பேசினாயோ அதே கூட்டத்தில் இதையும் நீ சொல்ல வேண்டும். நீ வர முடியாது, ஏனென்றால் நான் வராதே என்று சொல்லியிருக்கிறேன். எழுதி அனுப்பு. நான் படிக்கிறேன். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று மட்டும் எழுதாதே. வாயால் விட்டதை வாங்கிக்கொள்கிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் இல்லை.

அக்கா

---

ஜூன் 22

அக்கா,

சங்கத்துக்கான தாள் இதோடு இருக்கிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். பிடிக்காவிட்டால் நீயே திருத்திக்கொள். ஆனால் நீ திருத்த மாட்டாய் என்று நினைக்கிறேன்.

*சங்கத்தாருக்கு வணக்கம். போன கூட்டத்தில் பாதியைத்தான் சொன்னேன். மீதிப் பாதி இது. எங்கள் அப்பா காயலிலிருந்து ஓட்டை எடுத்தார். எல்லாக் காயலிலும் எடுத்தார்கள். ஆனால் எடுத்ததை விற்காமல் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். எத்தனையோ வருஷ வெயிலில் காய்ந்து, பாசி இல்லாமல், நோய் இல்லாமல், வெள்ளையாக அது எங்கள் வாசலில் நிற்கிறது. இதைப் போல ஓடு இந்தக் கரை முழுவதும் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. காயலுக்கு இன்று எது குறைகிறதோ அதை அவர் சேர்த்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. அதனால் அது அவர் கொடுத்தது இல்லை என்று ஆகிவிடாது. என் அக்கா அதை உங்கள் எல்லோருக்கும் தருகிறாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.*

கொட்டுகிற நாளை நீ குறி. பால் நின்ற பிறகு ஒரு வாரம், பத்து நாள் பொறு. காயலில் சேறு கம்மியான, கொஞ்சம் உயர்ந்த தரையாகப் பார்த்துக் கொட்டு.

தம்பி

---

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? அதற்காக ரொம்ப மிதக்காதே.

உன் தாளைப் படித்தேன். கடைசி வரி வந்தபோது தாளை மடித்துவிட்டேன். தலைவர் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, கடைசி வரியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அத்தான் எழுந்து அதையும் படித்தார். அந்த மனிதரை நான் என்ன செய்வது?

பால் நின்ற பிறகு நாள் பார்த்தேன். காலையில் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். கூடை, தார்ப்பாய், நாலு படகு. தலைவர் முதல் கூடையை எடுக்கக் குனிந்தார். கொட்டகையில் மூத்தவள், நாங்கள் எல்லோரும் 'உளி' என்று கூப்பிடுகிறவள், அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"இந்த மேட்ல பாதி என் கையால ஒடைச்சது. முதல் கூடையை நீங்க எப்படித் தூக்கலாம்?"

"ஏம்மா, நான் தலைவர்."

"தலைவரா இருந்தா ரெண்டாவது கூடை."

தலைவர் இரண்டாவது கூடையைத் தூக்கினார். அதன் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வரிசையாகக் கூடை போய்க்கொண்டே இருந்தது. யாரும் குனிந்த தலையோடு போகவில்லை. ஒவ்வொருத்தியும் "இது நான் ஒடைச்சது, அது நான் ஒடைச்சது" என்று சண்டை போட்டுக்கொண்டே போனாள். நான் ஒரு ஓரத்தில் நின்றேன். மேடு இறங்க இறங்க அதற்குப் பின்னாலிருந்த காயல் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. நம் வாசலிலிருந்து தண்ணீர் தெரியும் என்பதே எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஒரு கூடையளவு மட்டும் சுவரோரம் விட்டுவைத்தேன். உளி கேட்டாள், "இது எதுக்கு?" என்று. "இருக்கட்டும்" என்றேன். ஓடு பலிக்கிறதா என்று ஜனவரியில் தெரியட்டும். அதுவரைக்கும் அது மேடுதான். நீ வாசலை மிதிக்கக் கூடாது என்பது அப்படியே இருக்கிறது. நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை.

அக்கா

---

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு கூடை ஓட்டை வைத்துக்கொண்டு என்னை வெளியே நிறுத்தியிருக்கிறாய். இதைவிடச் சின்ன வேலி உலகத்திலேயே இருக்க முடியாது. ஆனாலும் தாண்ட மாட்டேன்.

அத்தான் ஓர் ஓட்டைப் படம் எடுத்து அனுப்பினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், விரல் நகத்தில் பாதிகூட இல்லாத குஞ்சுகள். இங்கே என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் காட்டினேன். "எங்க எடுத்தது?" என்றார்கள். "எங்க வீட்ல" என்றேன்.

ஆனால் இப்போதே குதிக்காதே. நண்டு தின்னும், சேறு மூடும், பாதி போய்விடும். அது இயல்பு. பிழைத்தவையும் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வளர்ந்தால் அதற்குப் பிறகு தீனி போதாது. இடம் என்ற தடையைத் தாண்டினால் அடுத்த தடை வரிசையில் நிற்கும். எந்த உயிருக்கும் அளவில்லாமல் பெருக அனுமதி கிடையாது. காயல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. அதனால் அடுத்த வருஷமும் கண்டபடி கொட்டாதே. கொட்டகையில் உடைக்கிற ஓட்டை மட்டும், வருஷா வருஷம், பால் நின்ற பிறகு திருப்பிப் போட்டால் போதும்.

ஜனவரியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எண்ணுகிறதுதான் என் பிழைப்பு, இருந்தும் இந்த ஓர் எண்ணிக்கைக்கு மட்டும் பயமாக இருக்கிறது.

தம்பி

---

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று வந்தார்கள். இரண்டு அதிகாரிகள், ஒரு மரச் சட்டம். தண்ணீர் நன்றாக வற்றுகிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தேன். சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருப்பதை எண்ண ஆரம்பித்தார்கள். சின்ன அதிகாரி பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் நிறுத்தினார். பெரியவர் வந்து, "என்னப்பா, எண்ணத் தெரியலையா?" என்றார். "சார், ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, எங்க முடியுது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலை" என்றார் அவர். உளி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

குத்தகை நமக்குத்தான். எழுத்தில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெரியவர் கிளம்பும்போது கரையில் நின்று சுற்றிலும் பார்த்தார். "இங்க ஒரு வெள்ளை மேடு இருந்ததே, பெரிசா. படகுல வரும்போது தூரத்திலேயே தெரியுமே. அது எங்க?" என்றார்.

தண்ணீர் முழுக்க வற்றியிருந்தது. நாம் கொட்டிய இடமெல்லாம் மேலே வந்து நின்றது, கறுப்பாக, ஈரமாக, கரை நீளத்துக்கு. காது கொடுத்துக் கேட்டால் சிப்பி மூடிக்கொள்கிற சின்னச் சத்தம் கேட்டது. நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அதோ. எங்க அப்பாவோடது" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். வெயிலுக்காக இருக்கும். எனக்காக என்று வைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்கு வந்து, சுவரோரம் இருந்த கடைசிக் கூடையை நானே தூக்கினேன். அத்தான் கை கொடுக்க வந்தார், வேண்டாம் என்றேன். இது பருவம் இல்லை, பாசி பிடிக்கும், குஞ்சு ஒட்டாது என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். தெரிந்துதான் போட்டேன். அந்த ஒரு கூடை சிப்பிக்காக இல்லை.

வாசலைப் பெருக்கிவிட்டேன். உன் செருப்பைப் படியில் வைத்திருக்கிறேன், சிப்பியோடு சேர்த்துத்தான். மேடு இருக்கிற வரைக்கும் மிதிக்காதே என்று சொன்னேன். சொன்ன சொல்லில் இருந்து நான் இம்மியும் மாறவில்லை. மேடு இல்லை. புறப்பட்டு வா.

அக்கா